ஓலைச்சுவடி முதல் எக்ஸ்டர்னல் டிஸ்க் வரை: ஒரு பேக்கப் வரலாறு

"வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கலாம்?" என்று கிளாஸில் அடிக்கடி பேச்சு வரும். உடனே ஒருத்தன் சீகேட் என்பான், இன்னொருத்தன் வெஸ்டர்ன் டிஜிட்டல் என்பான், அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் எந்த டிஸ்க் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எதிலிருந்து காப்பாற்றப் போகிறோம் என்பதுதான். கரையானா, தீயா, வெள்ளமா, இல்லை நம்முடைய கையே தானா?

இந்தக் கேள்விகளுக்கு நம் ஆட்கள் 2000 வருஷமாகப் பதில் தேடியிருக்கிறார்கள். பேக்கப் என்ற வார்த்தைதான் புதுசு. "படி எடுத்தல்", "பிரதி செய்தல்" என்றெல்லாம் சொன்னது அதைத்தான். அதனால் முதலில் கொஞ்சம் வரலாறு, பிறகு டிஸ்க். (அவசரக்காரர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போகலாம். ஆனால் சுவாரஸ்யம் எல்லாம் நடுவில்தான் இருக்கிறது!)

ஒரிஜினல் எங்கே?

சங்க இலக்கியத்தில் எந்த நூலுக்காவது அதை எழுதிய புலவர் கைப்பட எழுதிய ஓலை இருக்கிறதா? ஒன்றுகூட இல்லை. இன்று நம் கையில் இருக்கும் புறநானூறு, குறுந்தொகை எல்லாமே பிரதியின் பிரதியின் பிரதி. எத்தனையாவது பிரதி என்று எண்ணக்கூட முடியாது.

காரணம் எளிது. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பனையோலை 200, 300 வருஷம் தாங்கினால் அதிகம். பக்குவப்படுத்தி, மஞ்சள் தடவி, வேப்பிலை வைத்துக் கட்டினாலும் பூச்சி ஒரு நாள் வந்தே தீரும். ஆகவே நாலைந்து தலைமுறைக்கு ஒரு முறையாவது யாராவது உட்கார்ந்து, எழுத்தாணியால் முழு நூலையும் புது ஓலையில் எழுத வேண்டும். ஒரு தலைமுறை "இது யாருக்கு வேணும்" என்று விட்டுவிட்டால் கதை முடிந்தது. பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. புதுப் பிரதி எழுதியபின் பழையதை விட்டால் சரி. எழுதாமலே விட்டவையும் போயின.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஓலை "கெட்டுப்போகுமா" என்று அவர்கள் கேட்கவில்லை. கெட்டுப்போகும் என்று முடிவு செய்துகொண்டு, அதற்கு முன் பிரதி எடுத்தார்கள். நாம் ஹார்ட் டிஸ்க்கை அப்படிப் பார்ப்பதில்லை. அது என்றைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று நம்புகிறோம்.

பிழை வந்தால் எப்படித் தெரியும்?

கையால் பிரதி எடுத்தால் பிழை வரும். ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கம் வேறு. ஏடு எழுதுபவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு பாட்டையே விட்டுவிட்டால்? இன்றைக்கு ஃபைல் சரியாக காப்பி ஆனதா என்று பார்க்க செக்சம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். ஃபைலில் இருக்கும் எல்லா எழுத்தையும் கணக்குப் போட்டு ஒரு எண் எடுத்து, இரண்டு பக்கமும் அந்த எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.

அந்தக் காலத்தில் அந்த வேலையை யாப்பும் எண்ணிக்கையும் செய்தன. எதுகை, தளை தட்டினால் அங்கே ஒரு சொல் மாறியிருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அந்தாதி இன்னும் நல்ல பூட்டு. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம் என்பதால் நடுவில் ஒன்று காணாமல் போனால் உடனே மாட்டிக்கொள்ளும். பதிற்றுப்பத்தில் நான்காம் பத்து அப்படி அந்தாதியாக அமைந்ததுதான். (இதற்காகவேதான் அந்தாதி பாடினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வேலையையும் அது செய்தது.)

எண்ணிக்கையும் அப்படித்தான். பெயரிலேயே பத்துப் பத்து என்று இருப்பதால்தான் பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை என்று இன்று நமக்குத் தெரிகிறது. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. எது போயிற்று என்றாவது தெரிகிறதே! உங்கள் கம்ப்யூட்டரில் "போட்டோஸ்" ஃபோல்டரிலிருந்து 40 படம் காணாமல் போனால் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

தப்பிப் பிழைத்தவை எப்படிப் பிழைத்தன?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, முத்தொள்ளாயிரம். மூவேந்தர்களைப் பற்றிய வெண்பாக்கள். முழு நூல் போய்விட்டது. ஆனால் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் யாரோ ஒருவர், பெயர்கூடத் தெரியாது, தனக்குப் பிடித்த பாடல்களைப் பல நூல்களிலிருந்து எடுத்துப் புறத்திரட்டு என்று தொகுத்து வைத்தார். அதில் இருந்ததால் நூற்றுச் சொச்சம் முத்தொள்ளாயிரப் பாடல்கள் பிழைத்தன. ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் நமக்குத் துண்டு துண்டாகக் கிடைப்பதும் இப்படித் தொகுப்புகளும் உரைகளும் மேற்கோள் காட்டியதால்தான். முழுசாக பேக்கப் எடுக்க நேரமில்லை என்றால் முக்கியமானதையாவது எடுத்து வை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இரண்டு, தேவாரம். சிதம்பரம் கோயில் அறையில் பூட்டிக் கிடந்த ஏடுகளைக் கரையான் அரித்திருந்தது, மிஞ்சியதை ராஜராஜ சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி மீட்டுத் தொகுத்தார் என்று மரபு சொல்கிறது. கதையில் எவ்வளவு நிஜம் என்பது வேறு பஞ்சாயத்து. ஆனால் அதற்குப் பின்னால் நடந்த ஒன்று கல்லில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் இல்லவே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டில் அகப்பட்டது! ஓலையில் போனது கல்லில் இருந்தது. ஒரே வகைப் பொருளில் பத்து பிரதி வைப்பதை விட, வேறு வகைப் பொருளில் ஒன்று வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். கரையான் கல்லைத் தின்னாது.

மூன்று, சீவக சிந்தாமணி. 1880இல் கும்பகோணத்தில் சேலம் ராமசாமி முதலியார் "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா" என்று உ.வே. சாமிநாதையரைக் கேட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கப்புறம் உ.வே.சா. செய்தது என்ன? கையில் கிடைத்த ஒரு பிரதியை அப்படியே அச்சுக்கு அனுப்பவில்லை. ஊர் ஊராகத் தேடி இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகளைச் சேர்த்தார். ஒன்றில் சிதைந்த இடம் இன்னொன்றில் நன்றாக இருக்கும். ஒன்றில் பிழையாக இருக்கும் சொல் மூன்றில் சரியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒப்பிட்டு 1887இல் பதிப்பித்தார். அந்த இருபது பிரதியும் ஒரே மடத்தில், ஒரே அலமாரியில் இருந்திருந்தால்? ஒரே கரையான் புற்று போதும். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளில் சிதறிக் கிடந்ததால்தான் சிந்தாமணி இருக்கிறது.

போன கதைகளும் அவர் சுயசரிதையில் உண்டு. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். பழுதான ஏடுகளைச் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று பதில் வருகிறது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பக்தியோடு செய்தார்கள். இன்றைக்கு வீட்டில் "பழைய டப்பா கம்ப்யூட்டர் இடத்தை அடைக்குது" என்று பழைய இரும்புக் கடைக்குப் போடுவதும் கெட்ட எண்ணத்தில் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் (1832–1901) தொல்காப்பிய உரைகள், கலித்தொகை என்று அச்சேற்றினார். ஏட்டைத் தொட்டால் உதிர்கிறது என்று அவர் தம் பதிப்புரையில் வருந்தியதைப் படித்தால், ஒரு மனுஷன் ஓடும் ரயிலின் கடைசிப் பெட்டியைப் பிடிக்க ஓடுவது போல இருக்கும். அச்சு வந்தபின் நிலைமை மாறியது. ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கில் பிரதிகள், நூற்றுக்கணக்கான வீடுகளில். அதன் பிறகு ஒரு நூலை அழிப்பது கஷ்டம்.

1981, யாழ்ப்பாணம்

கஷ்டம்தான். ஆனால் பிரதி இல்லாதவற்றை அழிப்பது சுலபம்.

1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1க்குள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதில் கடையில் வாங்கக்கூடிய புத்தகங்களும் இருந்தன. பிறகு அன்பளிப்பாக வந்து சேர்ந்தன. ஆனால் ஊர் ஊராக நன்கொடையாகப் பெற்ற ஓலைச்சுவடிகள், பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள், வேறெங்கும் இல்லாத கையெழுத்துப் பிரதிகள்... இவற்றுக்குக் கடை ஏது?

அங்கிருந்த யாழ்ப்பாண வைபவமாலைச் சுவடி எரிந்தது பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வரலாறு அது. சுவடி போனது பேரிழப்பு. ஆனால் நூல் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டதால் இன்றும் படிக்கலாம். ஒரே அறையில் இருந்த இரண்டு பொருள்களில் பிரதி இருந்தது பிழைத்தது, பிரதி இல்லாதது போனது. கட்டடம் எவ்வளவு அழகு, அலமாரி எவ்வளவு உறுதி என்பதெல்லாம் அந்த இரவில் உதவவில்லை.

2005இல் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கிய நூலகம் திட்டத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் ஒருங்கிணைக்க, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். நம் சென்னையிலேயே தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாம் அவர் 1992இல் இறந்தபின் சிதறாமல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்கு வந்து, 1994இல் நூலகமானது. அங்கே முதலில் நடந்த பெரிய வேலை மைக்ரோபிலிம் எடுப்பது. அதாவது, பிரதி!

பெட்டிக்குள் வந்த ஓலை

இனி கம்ப்யூட்டர். 1956இல் ஐபிஎம் ரமாக் என்ற இயந்திரத்தோடு உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் வந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை. கொள்ளளவு 50 லட்சம் எழுத்து, அதாவது 5 எம்பி. இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஒன்றிரண்டு போட்டோவுக்குச் சரியாப் போச்சு!

அதற்கப்புறம் ஃபிளாப்பி, சிடி, டிவிடி, பென் டிரைவ் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது "இனி கவலையே இல்லை" என்றார்கள். ஃபிளாப்பியைப் படிக்கும் டிரைவ் இன்று யார் வீட்டிலும் இல்லை. வீட்டில் எழுதிய சிடியில் தகவல் ஒரு சாயப் படலத்தில்தான் பதிவாகிறது. வெயிலும் வெளிச்சமும் பட்டால் அது மங்கும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், பீரோ மேல் வைத்த கல்யாண சிடி என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

தமிழுக்கு இன்னொரு கூடுதல் தலைவலி இருந்தது. 1990களில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியாக்கம். டிஸ்கி, டாம், டாப் என்று பல. யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம் பிடித்தாலும் அது எல்லா இடத்துக்கும் வர வெகுநாள் ஆனது. தமிழ்நாடு அரசே 2010இல்தான் அதை ஏற்றது. அப்படிப் பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரையை இன்று திறந்தால் "¾Á¢ú" மாதிரிப் பூச்சி பூச்சியாகத் தெரியும். ஃபைல் பத்திரம், ஒரு பைட் கூடச் சேதமில்லை, ஆனால் படிக்க முடியாது! ஓலை நன்றாக இருக்கிறது, வட்டெழுத்து தெரிந்தவர் இல்லை என்பது போல. மதுரைத் திட்டம் தன் நூல்களை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியது, ஓலையைப் புது ஓலையில் பெயர்த்து எழுதிய அதே வேலைதான்.

2015, எங்கள் பக்கம்

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. இரும்புலியூரில் இருப்பவர்களுக்கு அந்த நாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து கொஞ்சம் மேற்கே போனால் முடிச்சூர், வரதராஜபுரம். அடையாறு நிரம்பி அங்கெல்லாம் தெருவில் படகு விட்டார்கள். தரைத்தளம் முழுக்கத் தண்ணீருக்குள்.

அப்போது வீட்டுக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கும்? ஹாலில், மேசைக்கு அடியில், தரையோடு தரையாக சிபியூ. பக்கத்து டிராயரில் எக்ஸ்டர்னல் டிஸ்க். அதாவது ஒரிஜினலும் பேக்கப்பும் ஒரே அடி உயரத்தில்!

வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாழான சான்றிதழ், பட்டா, ரேஷன் கார்டுக்கு மாற்றுப் பிரதி கொடுக்க அரசு சிறப்பு முகாம் போட்டது. பாஸ்போர்ட்டைக் கட்டணமின்றி மாற்றித் தந்தார்கள். ஏன் முடிந்தது? ஏனென்றால் அந்தக் காகிதத்தின் மூலப் பதிவு வேறோர் அலுவலகத்தில், வேறோர் ஊரில் இருந்தது. நம் கையில் இருந்ததே பிரதிதான். ஆனால் தாத்தாவின் குரல் பதிந்த கேசட்டை மாற்றித் தர எந்த முகாமும் கிடையாது. தங்கச்சி முதல் பிறந்தநாள் போட்டோவுக்கு எந்தத் தாலுகா ஆபீஸிலும் ரிஜிஸ்டர் இல்லை. அவற்றுக்கு நாம்தான் அலுவலகம், நாம்தான் முகாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதே முடிச்சூர், வரதராஜபுரத்தில் மறுபடி தண்ணீர். நடுவில் 2016 டிசம்பரில் வர்தா, அது காற்று. ஆகவே "நூறு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும்" என்ற பேச்சை நம்பி டிஸ்க்கை மேசைக்கு அடியில் வைக்காதீர்கள்.

சரி, என்ன முறை?

மேலே சொன்ன கதைகளிலிருந்தே முறை கிடைத்துவிடுகிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ 2000களில் பிரபலப்படுத்திய "3-2-1" விதியும் இதையேதான் சொல்கிறது. 3 பிரதி (ஒரிஜினலையும் சேர்த்து), 2 வெவ்வேறு வகைச் சாதனத்தில், 1 வேறு இடத்தில்.

மூன்று பிரதி என்பது சிந்தாமணி. இரண்டு வகை என்பது திருவிடைவாய்க் கல்வெட்டு. வேறு இடம் என்பது யாழ்ப்பாணமும் முடிச்சூரும் கற்றுத் தந்தது.

பேக்கப் போலத் தோன்றி, பேக்கப் அல்லாதவை சில:

1. கட் செய்து டிஸ்க்குக்கு மாற்றுவது. "எல்லாம் எக்ஸ்டர்னலில் இருக்கு" என்கிறார்கள். கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால் அது ஒரே பிரதி. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

2. சிங்க். கூகுள் டிரைவ் போன்றவை கம்ப்யூட்டரோடு ஒத்திசைந்து ஓடும். இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், பிறகு இல்லை.

3. எப்போதும் சொருகியே இருக்கும் டிஸ்க். 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை வைரஸ், கம்ப்யூட்டரோடு இணைந்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் இருந்த ஃபைல்களையும் பூட்டிப் பணம் கேட்டது. காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி எடுங்கள். கரென்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது இன்னும் அவசியம்.

4. இலவச இணையதளத்தை மட்டும் நம்புவது. லட்சக்கணக்கானோர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகுள் போட்டோஸ் அளவில்லா இலவச இடத்தை 2021 ஜூனோடு நிறுத்தியது. இணையம் ஒரு பிரதிக்கு நல்லது. ஒரே பிரதிக்கு அல்ல.

எந்த டிஸ்க்?

இப்போதுதான் சீகேட்டா வெஸ்டர்ன் டிஜிட்டலா என்ற கேள்விக்கு வருகிறோம். என் பதில்: இரண்டு டிஸ்க் வாங்குவதானால் இரண்டும் வேறு வேறு. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாடல் இரட்டையர்கள், ஒரே குறையோடு பிறந்திருந்தால் ஒரே சமயத்தில் படுக்கவும் கூடும்.

கூகுள் 2007இல் தன்னுடைய லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்டது. முதல் வருஷத்தில் 100க்கு 1.7 அளவில் கெட்டன. மூன்று வயதான டிஸ்க்குகளில் அது 8.6க்கு மேல். கெட்டவற்றில் கணிசமானவை முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. "டக் டக்னு சத்தம் வந்தா மாத்திக்கலாம்" என்று காத்திருப்பது வேலைக்கு ஆகாது.

அளவு: 2.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி வயரிலேயே ஓடும், சட்டைப் பையில் போகும். 3.5 அங்குலத்துக்குத் தனி அடாப்டர் வேண்டும். ஒரே ஜிபிக்கு விலை குறைவு, ஆனால் வெள்ளம் என்றால் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓட 2.5தான் வசதி. வீட்டுக்கு அது போதும்.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா: எஸ்எஸ்டியில் சுற்றும் பாகம் இல்லை, கீழே விழுந்தாலும் தாங்கும், வேகம். ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை அதிகம். மேலும் மின்சாரம் தொடாமல் வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் அதில் சேமித்த மின்னேற்றம் மெல்லக் கசியும். வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கும் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க்கே நல்லது. தினமும் பையில் அலையும் பிரதிக்கு எஸ்எஸ்டி.

வேகம்: யுஎஸ்பி 2.0இல் நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி போனால் பெரிய விஷயம். 500 ஜிபி காப்பி செய்ய நாலு மணி நேரம் ஆகும். யுஎஸ்பி 3.0இல் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பி கொடுக்கும், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். கம்ப்யூட்டர் பழசாக இருந்தால் துளை நீல நிறமா என்று பாருங்கள். 3.0 துளை பெரும்பாலும் நீலமாக இருக்கும்.

கொள்ளளவு: இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு. 1 டிபி என்று வாங்கிச் சொருகினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், பயப்படாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.

ஃபார்மேட்: ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேலான ஒரே ஃபைல் ஏறாது, கல்யாண வீடியோ மாட்டிக்கொள்ளும். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட்.

போலி: நம்ப முடியாத மலிவு விலையில் 2 டிபி, 4 டிபி என்று விற்கும் டிஸ்க்குகளில் பல உள்ளே சின்ன மெமரியை வைத்து, பெரிய அளவைக் காட்டும்படி ஏமாற்றியவை. எழுதும்போது ஒன்றும் தெரியாது, படிக்கும்போதுதான் தெரியும். ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். முதல் நாளே டிஸ்க்கை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பாருங்கள்.

விலை: 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை மூழ்கி, உலகம் முழுக்க டிஸ்க் விலை எகிறியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்த வெள்ளம் நம்மூர்க் கடை விலையை ஏற்றியது! விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்காகச் சொன்னேன்.

சாஃப்ட்வேர்: விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின், லினக்ஸில் ஆர்சிங்க். மூன்றுமே இலவசம். முதல் இரண்டும் ஒரே ஃபைலின் பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். நேற்றுக் கெட்டுப்போன ஃபைலை இன்று பேக்கப் எடுத்தால் கெட்டதுதான் பிரதியாகும், அதனால் பழைய வடிவம் முக்கியம்.

ஒரு நாள் குறிப்போம்

இவ்வளவும் செய்தாலும் ஒன்று மிச்சம். திறந்து பார்க்காத பிரதி இருப்பதும் இல்லாததும் ஒன்று. சிதம்பரம் அறை பூட்டியேதான் இருந்தது, உள்ளே பிரதியும் இருந்தது, கரையானும் இருந்தது.

சரஸ்வதி பூஜைக்கு ஏடுகளையும் புத்தகங்களையும் எடுத்துத் தூசு தட்டி, பொட்டு வைத்து அடுக்குவது நம் வழக்கம். வருஷத்தில் ஒரு நாளாவது ஒவ்வொரு ஏட்டின் மேலும் ஒருத்தர் கை படும், பூச்சி அரித்தால் தெரியும். அந்த நாளையே எடுத்துக்கொள்வோம். அன்றைக்கு டிஸ்க்கைச் சொருகி, பத்துப் போட்டோ, இரண்டு வீடியோ, ஒரு டாகுமென்ட் திறந்து பாருங்கள். திறந்தால் சந்தனம் வையுங்கள். திறக்காவிட்டால் மறுநாள் விஜயதசமி, புதுசு தொடங்க நல்ல நாள்தான்!

மாதம் ஒரு முறை முதல் டிஸ்க்கில் காப்பி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போது இரண்டாவது டிஸ்க்கைப் புதுப்பித்துக்கொண்டு போய், பெரியம்மா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள். தாம்பரத்தில் ஏரி உடைந்தாலும் திருச்சியில் பீரோ உடையாது. வங்கி விவரம், அடையாள அட்டை ஸ்கேன் எல்லாம் அதில் இருந்தால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். அந்தப் பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் வட்டெழுத்துக் கதைதான்.

செலவு என்று பார்த்தால் ஒரு டிஸ்க்கும் மாதத்தில் ஒரு மணி நேரமும். எழுத்தாணி பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிந்தாமணிப் பாடல்களையும் குத்தி எழுதிய பெயர் தெரியாத மனிதர்களுக்கு முன்னால் இது ஒரு வேலையா? அவர்கள் யாரும் தமக்காக எழுதவில்லை. அடுத்து யாரோ படிப்பார்கள் என்று எழுதினார்கள். படித்தோம்.